தகடு வரும், கூரை தாங்குமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐப்பசி மாதத்து முதல் மழை மூன்று நாட்களாக விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுது. வன்னியில் மீளக்குடியமர்ந்த ஒரு கிராமத்துக்கு நாம் சென்றிருந்தோம். ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு தாய் பாய்களை விரித்து விதைநெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார். மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளில் அடிமூட்டைகள் இரண்டும் ஊறி முளைகட்டிவிட்டன. கூரை ஒழுகியிருக்கிறது. ஒழுகிய நீர் சுவரோடு வழிந்து வந்தபடியால் மூட்டையைத் தூக்கும்வரை எவருக்கும் தெரியவில்லை.

அந்த வீட்டுக் கூரை அதற்கு முன்னர் ஒருபோதும் ஒழுகியதில்லை. நான்கு மாதங்களுக்கு முன் அதன்மேல் ஒரு சூரியத் தகடு பொருத்தப்பட்டது. பொருத்த வந்தவர்கள் ஓட்டின்மேல் ஏறி நடந்து மூன்று ஓடுகளை வெடிக்கச் செய்து, அந்த வெடிப்பைச் சீமெந்தால் பூசி மறைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தகட்டைத் தாங்கும் இரும்புப் பட்டங்களைக் கைமரத்தில் இறுக்காமல், ஓடு கிடக்கும் சலாகையில் ஆணியடித்து, மிச்சத்தைக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். சோளகக் காற்று நான்கு மாதம் அதை ஆட்டியது. சலாகை தளர்ந்தது, ஓடு விலகியது, சீமெந்து கழன்றது. மழை உள்ளே வந்தது.

அந்தத் தகட்டைக் கொடுத்தவர்கள் வேறு யாருமல்லர். நாமேதான். எமது அறிக்கையில் அந்த வீடு "பூர்த்தி" என்று எழுதப்பட்டிருந்தது. அந்தத் தாய் எம்மைக் குறைகூறவில்லை. "லைற் எரியுது சுவாமி. நெல்லுத்தான் போச்சு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வசனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சூரியத் தகட்டைப் பற்றிப் பேசுவோர் எத்தனை வாற்று, எத்தனை மின்குமிழ், எத்தனை வருட உத்தரவாதம் என்றே பேசுகின்றனர். தகட்டைக் கூரையோடு பிணைக்கும் கொழுக்கியையும் திருகாணியையும் பற்றிப் பேசுவோர் இல்லை. செலவுப் பட்டியலில் அது மிகச் சிறிய வரி. ஆனால் தகடு எத்தனை வருடம் நிற்கும், வீடு ஒழுகுமா ஒழுகாதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தச் சிறிய வரியேயாகும். ஆகவே தகட்டை ஏற்றுக்கொள்ளும் முன்னர் கூரையைப் பாருங்கள். கொடுப்பவர்களும் கூரையைப் பார்த்த பின்னரே கொடுக்க வேண்டும். இதுவே எமது கருத்து.

தகடு ஏன் வருகிறது?

எமது மக்களுக்கு வெளிச்சத்தின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் வடக்கில் மின்சாரம் இல்லாமற்போய், மண்ணெண்ணெயும் தடைப்பட்ட காலத்தில் ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டு, துளித்துளியாக எண்ணெயை மிச்சம் பிடித்து, அந்த வெளிச்சத்திலே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நாம். பின்னர் மின்கம்பங்கள் வந்தன. ஆனால் 2022 பங்குனி இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது கம்பத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை நாடு முழுவதும் உணர்ந்தது. அதே ஆண்டு ஆவணியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டது. மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்து வெங்காயமும் மிளகாயும் செய்யும் தோட்டக்காரருக்கு அது எத்தகைய அடி என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஆகவே சூரியத் தகட்டை மக்கள் நாடுவது இயல்பே. அது நல்லதுமாகும். எரிபொருள் வேண்டாத, சத்தமில்லாத, புகையில்லாத சக்தி அது. எமது வாதம் தகட்டுக்கு எதிரானதன்று. தகடு நீடிக்க வேண்டும் என்பதற்காகவே கூரையைப் பற்றிப் பேசுகிறோம்.

கூரை என்பது எமக்கு என்ன?

ஊரைவிட்டு ஒருபோதும் போகாத ஒருவருக்குக் கூரை என்பது வீட்டின் ஒரு பகுதி. இடம்பெயர்ந்தவருக்கு அது வேறு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களுக்குக் கூரையைத் திரும்பிப் பார்க்கவும் நேரமிருக்கவில்லை. திரும்பிச் சென்ற பலர் கண்டது சுவரும், அதன்மேல் வானமுமே. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஓடுகளையும் தகரங்களையும் கதவு நிலைகளையும் கழற்றி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்தவர்களும் எம்மிடையே உள்ளனர். கூரையைச் சுமந்தவர்களுக்கே கூரையின் பாரம் தெரியும்.

2012 ஒக்டோபரில் வடக்குக் கிழக்கில் ஆரம்பமான இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரும் பகுதியில், ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டு, குடும்பங்கள் தாமே நின்று வீட்டைக் கட்டின. பலர் நகையை அடகுவைத்தும் கடன்பட்டும் முடித்தனர். கடைசியில் கைக்காசு தட்டுப்படும் வேளையில் வருவது கூரைவேலைதான். ஆகவே மரம் வாங்கும்போது சிக்கனம் பிடித்த வீடுகள் பல. கைமரங்களுக்கிடையே இடைவெளி கூடிய கூரைகளையும், முற்றாத மரம் வளைந்துபோன கூரைகளையும் நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கூரை ஓட்டைத் தாங்கும், மழையைத் தாங்கும். அதற்குமேல் ஒன்றைத் தாங்குமா என்று எவரும் கேட்டுப் பார்த்ததில்லை. தகடு வரும் நாளிலாவது அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

பாரம் அல்ல, காற்றே எதிரி

தகட்டின் நிறையைப் பார்த்தே பலர் பயப்படுகின்றனர். இன்று சாதாரணமாக வரும் 450 வாற்றுத் தகடு ஏறத்தாழ 2 சதுர மீற்றர் பரப்பும் 22 முதல் 25 கிலோ நிறையும் கொண்டது. அரை மூட்டை நெல்லைவிடக் குறைந்த பாரம் அது. நல்ல கைமரம் அதைத் தாங்கும். உண்மையான ஆபத்து காற்றேயாகும்.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ 48 கிலோ பாரத்துக்குச் சமமான அழுத்தத்தைக் கொடுக்கும். 2 சதுர மீற்றர் தகட்டுக்கு அது ஏறத்தாழ 95 கிலோ. 22 கிலோ தகட்டை 95 கிலோ பலத்தோடு காற்று மேலே தூக்க முயல்கிறது என்று வைத்துக்கொண்டால், மிகுதியைப் பிடித்து நிற்க வேண்டியது யார்? கொழுக்கியும் திருகாணியும் அவை இறங்கிய கைமரமுமே. காற்றின் வேகம் இரட்டித்தால் பலம் இரண்டு மடங்காவதில்லை; நான்கு மடங்காகும். இதை மனத்திற் கொள்வது அவசியமாகும்.

இது வெறும் கணக்கன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்கள் இன்றும் உள்ளனர். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையிலேதான் ஏறியது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக் கடலைப் பார்த்தபடியே நாம் வாழ்கிறோம். சீராகக் கட்டப்படாத தகடு புயலில் பறந்தால் தகடு மட்டும் போவதில்லை. அது பிடித்திருந்த சலாகையையும் ஓட்டையும் கூட்டிக்கொண்டே போகும். 22 கிலோ கண்ணாடி அயல்வீட்டு முற்றத்தில் விழுவதை நினைத்துப் பாருங்கள்.

காற்றின் இழுப்பு கூரையின் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. முகட்டோரத்திலும் தாழ்வாரத்தோரத்திலும் மூலைகளிலும் அது மிகக் கூடுதலாக இருக்கும். ஆகவே தகட்டைக் கூரையின் நடுப்பகுதியில், எல்லா ஓரத்திலிருந்தும் ஓர் அடியாவது உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும். இடம் போதவில்லையென்று தாழ்வாரத்துக்கு வெளியே தகட்டை நீட்டிவிடும் வழக்கத்தை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது.

இன்னுமொரு தவறு, தகட்டைக் கூரைக்கு மேலே நிமிர்த்தி வைப்பது. தெற்கே சரித்து நிமிர்த்தினால் கூடுதல் மின்சாரம் வரும் என்று சிலர் சொல்லுவர். அது தூர வடக்கு நாடுகளுக்குப் பொருந்தும். எமது பகுதி பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 முதல் 10 பாகைக்குள் உள்ளது. சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் எமது உச்சிக்கு நேரே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது எமக்குச் சற்று வடக்கேயே நிற்கிறது. ஆகவே இங்கே தகடு பெரிதும் சரிந்திருக்க வேண்டியதில்லை. மழைநீர் வழிந்து தூசியைக் கழுவ 10 பாகைச் சரிவு போதும். தெற்குப் பார்த்த கூரை நல்லது. கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த கூரையானாலும் இழப்பு சிறிதே. கூரையின் சரிவோடு ஒட்டியபடி தகட்டை வைத்தால் காற்றுக்குப் பிடிகொடுக்காது. நிமிர்த்திய தகடோ பாய்மரம் போன்றது.

ஒட்டியபடி என்பதற்காக ஓட்டின்மேலே படுக்க வைத்துவிடவும் கூடாது. தகட்டுக்கும் கூரைக்கும் இடையே 4 அங்குலமளவு இடைவெளி வேண்டும். நண்பகலில் தகடு 60 பாகை செல்சியஸ் வரை சூடேறும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் சக்தியில் நூற்றுக்கு 0.35 முதல் 0.4 வரை குறையும். அதாவது 60 பாகையில் நூற்றுக்கு 12 முதல் 14 வரை நட்டம். கீழே காற்றோட்டம் இருந்தால் இந்த நட்டம் குறையும்.

ஓட்டுக் கூரை

எமது வீடுகளில் பெரும்பாலானவை ஓட்டுக் கூரை அல்லது சீற் கூரை. ஓட்டுக் கூரையில் வேலை செய்யும் முறையை வீட்டிலுள்ள ஒருவராவது அறிந்திருக்க வேண்டும்.

முதலில் கைமரம் எங்கே ஓடுகிறது என்பதைக் கண்டு, அந்த இடத்து ஓட்டைக் கழற்ற வேண்டும். கொழுக்கியின் அடித்தகடு கைமரத்தின்மேல் இருக்க வேண்டும்; சலாகையின்மேலன்று. சலாகை ஓட்டைத் தாங்குவதற்கென இரண்டு ஆணியில் நிற்பது. அதில் தகட்டைத் தொங்கவிடுவது, ஆட்டைக் கட்டும் கயிற்றில் மாட்டைக் கட்டுவது போலாகும். ஒவ்வொரு கொழுக்கிக்கும் குறைந்தது இரண்டு திருகாணிகள் வேண்டும். அவை கைமரத்தின் நடுவில், மரத்துக்குள் இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். ஓரத்தில் இறக்கினால் மரம் பிளக்கும். பனங் கைமரமானால் இன்னும் கவனம் தேவை. அதன் வைரம் இரும்புபோல் கடினமானது. நாரோட்டத்தில் இலகுவாகப் பிளக்கும். ஆகவே முதலில் துறப்பணத்தால் சிறு துளையிட்டு அதன் பின்னரே திருகாணியை இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கும் திருகாணி திருகாணியன்று. அது வெறும் ஆணி.

கொழுக்கியின் வளைந்த கழுத்து ஓடுகளுக்கிடையே வெளியே வரும். அது கீழ் ஓட்டின்மேல் முட்டி நிற்கக் கூடாது. நூலளவு இடைவெளியாவது வேண்டும். முட்டி நின்றால் காற்று தகட்டை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் கொழுக்கி ஓட்டைக் குத்தும், ஒருநாள் வெடிக்கும். மேல் ஓடும் கொழுக்கியின்மேல் ஏறித் தூக்கி நிற்கக் கூடாது. அப்படி நின்றால் ஓட்டின் அடியில் வாய் திறந்து வாடைக் காற்று மழையை மேல்நோக்கி உள்ளே அடிக்கும். ஓட்டின் அடிப்பக்கத்தில் கொழுக்கி செல்லுமளவுக்கு அராவிச் சிறு பள்ளம் எடுத்துவிட்டால் ஓடு பழையபடி படிந்துவிடும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் விடுவதே ஒழுக்குக்குப் பெருங் காரணம்.

வெடித்த ஓட்டைச் சீமெந்தால் பூசுவதை ஏற்காதீர்கள். ஓடு வெயிலில் விரியும், மழையில் சுருங்கும். சீமெந்து அதனோடு ஒத்துப்போகாது. வெடித்த ஓட்டை மாற்றவே வேண்டும். ஆகவே வேலை தொடங்கும் முன்னரே அதே இன ஓட்டில் பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்திருப்பது புத்தி. குரங்குத் தொல்லை உள்ள ஊர்களில் அவை எப்படியும் பயன்படும்.

கொழுக்கிகளின்மேல் அலுமினியச் சட்டங்கள் இரண்டு கிடையாக ஓடும். அவற்றின்மேல் தகடு படுத்து, பிடிகளால் இறுக்கப்படும். பிடிகள் தகட்டின் நீள்பக்கத்தில், முனையிலிருந்து நீளத்தின் ஐந்திலொன்று அல்லது நாலிலொன்று உள்ளே தள்ளி அமைய வேண்டும். முனையிலேயே பிடித்தால் நடுப்பகுதி தொய்ந்து கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஏற்படும். தகட்டின் விளிம்பில் புதிதாகத் துளையிடவே கூடாது. துளையிட்டால் உத்தரவாதமும் போய்விடும்.

சீற் கூரை

தகரச் சீற்றில் முறை வேறு. தகரம் தனியே எதையும் தாங்காது. அதன் கீழேயுள்ள குறுக்கு மரத்தில் போய் இறங்கும் திருகாணியே தாங்கும். அத்துளையை நெளியின் மேட்டில் இடவேண்டும். நீர் ஓடும் பள்ளத்தில் இடலாகாது. ஒவ்வொரு துளைக்கும் வெயிலைத் தாங்கும் றப்பர் வாசர் வேண்டும். சைக்கிள் ரியூப்பை வெட்டி வைக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது இரண்டு கோடையைக்கூடத் தாண்டாது.

அஸ்பெஸ்ரஸ் சீற்றைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறோம்: பழைய அஸ்பெஸ்ரஸ் கூரையில் தகடு பொருத்துவதை நாம் விரும்பவில்லை. அது எச்சரிக்காமல் உடையும். அதன்மேல் நேரே மிதித்தவர் சீற்றோடு கீழே விழுவார். அதைத் துளைக்கும்போது எழும் தூசியிலுள்ள நார் நுரையீரலில் தங்கி, 20, 30 ஆண்டுகள் கழித்துக்கூட நோயைக் கொடுக்கும். புதிய சீற்றில் பொருத்தியே ஆகவேண்டுமாயின் குறுக்கு மரங்களுக்கு மேலே பலகை போட்டு அதன்மேலே நடக்க வேண்டும். துளையிடும் இடத்தை நனைத்து, கையால் மெதுவாகத் துளைக்க வேண்டும். மூக்கையும் வாயையும் தகுந்த முகமூடியால் மூட வேண்டும். பிள்ளைகளை அப்புறப்படுத்த வேண்டும். துளை திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்; அளவுக்கு மீறி இறுக்கினால் சீற் வெடிக்கும்.

கிடுகுக் கூரையிலும் பனையோலைக் கூரையிலும் தகடு வைக்கவே கூடாது. பாரமும் காற்றும் ஒருபுறம். மின்கம்பியில் ஒரு பொறி எழுந்தால் ஓலை காத்திருக்காது. அத்தகைய வீடுகளுக்கு முற்றத்திலே கல்வனைஸ் குழாய் ஒன்றைக் கொங்கிறீற்றில் நட்டு அதன்மேல் சிறு தகட்டைப் பொருத்துவதே முறை. தென்னைக்குக் கீழே நட வேண்டாம். மட்டை விழும், தேங்காய் விழும், நிழலும் விழும். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே அதன் சக்தியில் பெரும்பங்கு போய்விடும்.

கடற்கரைக் கிராமங்களுக்கு ஒரு வார்த்தை. அலுமினியத்தோடு சாதாரண இரும்புத் திருகாணியைச் சேர்த்தால் உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியின் விலை கூட. ஆனால் அதை வாங்கும் செலவு ஒருமுறைதான்.

கழற்றக் கூடியதாக இருக்கட்டும்

நிரந்தர வீட்டுக்காரர் கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வி எமது மக்களுக்கு உண்டு: இந்தத் தகட்டைக் கழற்ற முடியுமா? இன்னும் தம் காணிக்குத் திரும்பாதவர்கள் உள்ளனர். உறவினர் காணியிலும், உறுதி இல்லாத காணியிலும் குடியிருப்போர் உள்ளனர். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளத்தாலும் மண்சரிவாலும் வேறு பல குடும்பங்கள் புதிதாக இடம்பெயர்ந்தன. இவர்களுடைய தகடு இவர்களோடு போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆகவே உருக்கி ஒட்டிய இரும்புச் சட்டத்தையும், சீமெந்துக்குள் புதைத்த கால்களையும் கூரையில் நாம் ஏற்கவில்லை. நட்டும் போல்ற்றுமாக, ஒரே அளவு ஸ்பானரால் எல்லாவற்றையும் கழற்றக்கூடிய பொருத்தே எமது மக்களுக்கு உகந்தது. காற்றுக்கு உறுதி, உரியவரின் கைக்கு இலகு. கள்வனுக்கும் இலகுவாகாதா என்பர். உண்மைதான். அதற்கு ஒவ்வொரு தகட்டிலும் ஒரு நட்டை மட்டும் தனிச் சாவியால் திறக்கும் இனமாக இட்டு, அச்சாவியை வீட்டில் வைத்திருக்கலாம். களவுக்குப் பயந்து மாலையில் தகட்டைக் கழற்றி உள்ளே எடுத்து, காலையில் கம்பியால் கட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் அந்தக் கால் ஒருநாள் வழுக்கும். தகட்டைவிட ஆள் பெரிது.

கொடுப்பவர்களுக்கு

உதவி செய்யும் நிறுவனங்களுக்கும், அவற்றுள் ஒன்றாகிய எமக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடலாகாது. நாம் தகட்டை எண்ணுகிறோம். இத்தனை வீட்டுக்கு இத்தனை தகடு என்று எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறோம். மழைக்காலம் முடிந்தபின் அந்த வீட்டுக்குப் போய் மேலே அண்ணாந்து பார்ப்பதில்லை. எம்மைக் கேட்டால், ஒரு மாரி கழியும்வரை எந்த வீட்டையும் "பூர்த்தி" என்று எழுதக் கூடாது. கூலியின் ஒரு பகுதியையும் அதுவரை நிறுத்தி வைக்க வேண்டும்.

இரண்டாவது, மின்வேலை தெரிந்த தம்பியோடு கூரைவேலை தெரிந்த ஓடாவியாரும் வரவேண்டும். வயரைத் தெரிந்தவருக்கு மரம் தெரியும் என்பதில்லை. ஓடாவியார் முதலில் கூரையைப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது, இந்தக் கைமரத்துக்கு ஒரு துணைமரம் போடவேண்டும் என்று சொன்ன பின்னரே மற்றவர் ஏணியில் ஏற வேண்டும். துணைமரத்தின் செலவும் திட்டத்தின் செலவாகவே கணக்கிடப்பட வேண்டும். குடும்பத்தின் தலையில் அதைச் சுமத்துவது நியாயமாகாது.

"இவ்வளவும் பார்க்கப் போனால் நூறு வீட்டுக்குக் கொடுப்பதை எண்பது வீட்டுக்கே கொடுக்கலாம். மற்ற இருபது வீடும் இருட்டில் இருப்பதா?" என்று எம்முடன் வேலைசெய்யும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, கேட்டவருடைய மனமும் நல்ல மனம். ஆனால் மூன்றாம் வருடம் கழன்று போகும் தகடு அந்த வீட்டை மீண்டும் இருட்டில் விடுகிறது. போகும்போது கூரையையும் பழுதாக்கிவிட்டே போகிறது. மிகுதி இருபது வீடும் அடுத்த வருடம் பெறலாம். ஊறிய விதைநெல்லுக்கு அடுத்த வருடம் இல்லை; அந்தப் போகம் போனது போனதுதான்.

வாசகர்களுக்கு

இலவசமாக வருவதைக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று எமது மக்கள் நினைக்கின்றனர். முகாம் வாழ்க்கை எமக்குப் பழக்கிய கூச்சம் அது. வரிசையில் நின்று வாங்கியவர்களுக்குப் பேரம் பேசும் நாக்கு மரத்துப்போயிற்று. ஆனால் இது உங்கள் கூரை. அதன்மேல் ஏறுபவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டில் ஆண் துணை இல்லாத தாய்மாரும் பின்வரும் ஐந்தையும் தயங்காமல் கேட்க வேண்டும்.

ஒன்று: தம்பி, இது கைமரத்திலா இறங்குது, சலாகையிலா? ஓட்டை மூடுமுன் எனக்குக் காட்டும்.

இரண்டு: உடைகிற ஓட்டை மாற்றித் தருவீரா, பூசிவிட்டுப் போவீரா?

மூன்று: தகட்டின் விளிம்பிலிருந்து மண்ணுக்குப் போகும் நிலக்கம்பி எங்கே? மின்னல் நாட்களிலும், வயரில் பழுது வந்தாலும் அதுவே காவல்.

நான்கு: இதை எப்படிக் கழற்றுவது? வெயிலில் கிடக்கும் தகட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதை நிறுத்தும் ஆளி தகட்டில் இல்லை. ஆகவே தடித்த துணியால் மூடிய பின்னரே வயரில் கைவைக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்து: மழை பெய்தபின் மறுபடி வந்து பார்ப்பீரா? வருவேன் என்றால் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள்.

அதன் பிறகு உங்கள் பங்கு வருடத்துக்கு இரண்டு நாள்தான். புரட்டாசியில், மாரி தொடங்கும் முன்னர், நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். தையில், மழை ஓய்ந்தபின், வீட்டுக்குள் விளக்கை அணைத்துப் பகலில் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஊசியளவு வெளிச்சம் தெரியும் இடமே நாளைக்கு ஒழுகும் இடம். ஏணியை ஒருவர் பிடிக்காமல் மற்றவர் ஏறலாகாது. ஈரக் கூரையிலும் காற்று நாளிலும் எவரும் ஏறலாகாது.

அந்தத் தாயின் வீட்டுக்கு நாம் மறுபடியும் சென்றோம். ஓடாவியார் ஒருவரைக் கூட்டிச் சென்று பழைய பட்டங்களைக் கழற்றி, வெடித்த ஓடுகளை மாற்றி, கைமரத்தில் கொழுக்கி இறக்கினோம். வேலை முடியும்வரை அவர் முற்றத்தை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் எண்ணினார். கடைசியில் ஏணியை எடுக்கப்போனபோது, "பொறுங்கோ தம்பி, அந்த மூலை ஓடு சரியாப் படியேல்லை" என்றார். ஓடாவியார் மீண்டும் ஏறிப் பார்த்தார். ஓடு படியாமல்தான் இருந்தது.

நெல்லுக்கு ஈடாக நாம் நெல் கொடுத்தோம். ஆனால் விதைப்புக்காலம் கடந்துவிட்டது. அதை எம்மால் ஈடுசெய்ய முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தாயைப்போல ஒருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்பாராயின், எம்மைப் போன்றவர்கள் மேலே தவறிழைப்பது குறையும்.